வளத்தொகுப்பு மாற்றி: மோட்பேக்கில் சேர்க்கலாமா?

வளத்தொகுப்பு மாற்றி என்பது, கணினி விளையாட்டு ஒன்றின் பழைய பதிப்புக்காக உருவாக்கப்பட்ட படங்கள், ஒலிகள், எழுத்துருக்கள் ஆகியவற்றைப் புதிய பதிப்பு படிக்கும் வடிவத்துக்கு மாற்றித் தரும் நிரலாகும். மைன்கிராஃப்ட், லுவாண்டி போன்ற, கட்டைகளை அடுக்கி உலகம் அமைக்கும் விளையாட்டுகளில் இதற்குத் தேவை மிகுதி. இம்மாற்றியை மோட்பேக்கின் உள்ளேயே சேர்த்துத் தருவதா, வெளியே வைத்து ஒருமுறை மட்டும் பயன்படுத்துவதா என்ற கேள்வி தொகுப்பாளர்களுக்கு அடிக்கடி எழுகிறது. பார்வைக்குச் சிறிய தொழில்நுட்பத் தேர்வாகத் தோன்றினாலும், முன்னவர் உழைத்துச் செய்த ஒரு படைப்பு பிழைக்குமா, பிழைத்தால் அவர் பெயரோடு பிழைக்குமா என்பது இத்தேர்வைப் பொறுத்தே அமைகிறது. இக்கட்டுரை அத்தேர்வின் இரு பக்கங்களையும் எடைபோடுகிறது.

சொற்களும் பின்னணியும்

விளையாட்டின் நடத்தையை மாற்றும் துணை நிரலை மோட் என்பர். ஒன்றோடொன்று முரணாமல் இயங்குமாறு தேர்ந்தெடுத்துக் கட்டிய மோட்களின் தொகுப்பு மோட்பேக். ரிசோர்ஸ் பேக் எனப்படும் வளத்தொகுப்பு விளையாட்டின் விதிகளைத் தொடுவதில்லை. கல் எப்படித் தெரிய வேண்டும், கதவு எப்படி ஒலிக்க வேண்டும் என்பவற்றை மட்டும் மாற்றுகிறது. விளையாடுவோர் பலர் இதை இன்றும் பழைய பெயரால் டெக்ஸ்சர் பேக் என்றே அழைக்கின்றனர்.

மைன்கிராஃப்டின் தொடக்கக் காலத்தில் கட்டைகளின் படங்கள் அனைத்தும் ஒரே கோப்பில் இருந்தன. 16 வரிசை, 16 நிரல் என 256 சிறு கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் 16 புள்ளி அகலம், 16 புள்ளி உயரம். 2013 மார்ச்சில் வந்த 1.5 பதிப்பு அந்தப் பெரிய படத்தைத் தனித்தனிக் கோப்புகளாகப் பிரித்தது. அதே ஆண்டு ஜூலையில் வந்த 1.6 வரிசை, டெக்ஸ்சர் பேக் முறையை நீக்கி வளத்தொகுப்பு முறையைக் கொண்டுவந்தது. 2018 ஜூலையில் வந்த 1.13 பதிப்பு கோப்புறைகளின் பெயர்களையும் கோப்புகள் பலவற்றின் பெயர்களையும் மாற்றியது. ஒவ்வொரு வளத்தொகுப்பிலும் அதன் வடிவ எண்ணைச் சொல்லும் விவரக் கோப்பு ஒன்று உண்டு. 1.12 பதிப்புக்கு அந்த எண் 3, 1.13 பதிப்புக்கு 4. 2023 ஜூனில் வந்த 1.20 பதிப்புக்கு 15. எண் ஏற ஏற, பழைய தொகுப்புக்கும் புதிய விளையாட்டுக்கும் இடைவெளி கூடுகிறது. அந்த இடைவெளியில்தான் மாற்றிகள் பிறக்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டு

கேள்வியைத் தெளிவாகப் பார்க்க ஒரு கற்பனைச் சூழலை எடுத்துக்கொள்ளலாம். கூடுவாஞ்சேரியில் ஒரு பள்ளியின் கணினி மன்றம். மாமல்லபுரம் அங்கிருந்து ஒரே பகலில் போய்த் திரும்பும் தொலைவு. 2017 இல் மன்றத்தின் மாணவர்கள் ஐந்து ரதங்களையும் கடற்கரைக் கோயிலையும் மைன்கிராஃப்டில் கட்டத் தொடங்குகிறார்கள். விளையாட்டில் உள்ள கிரானைட் கட்டையின் செம்மை நிறம் மாமல்லபுரத்துப் பாறையின் நிறத்துக்குப் பொருந்தவில்லை. நேரில் சென்று பாறைகளைப் படமெடுத்து, புள்ளி புள்ளியாக வரைந்து, 1.12 பதிப்புக்கு ஒரு வளத்தொகுப்பைச் செய்கிறார்கள். உடன் தமிழில் ஒரு விளக்கக் குறிப்பும் எழுதி வைக்கிறார்கள்.

அவர்கள் பள்ளியை விட்டுப் போய்விட்டனர். அடுத்து வந்த மாணவர்கள் மோட்பேக்கை 1.16 பதிப்புக்கு உயர்த்தினர். பாறைகள் பழையபடியே தெரிந்தன. இப்போது 1.20 பதிப்புக்கு உயர்த்துகிறார்கள். ரதங்கள் நிற்கின்றன, பாறையின் நிறத்தைக் காணோம். எல்லாம் விளையாட்டின் இயல்பான செம்மைக் கல்லாகத் தெரிகிறது. மன்றத்தில் ஒரு மாணவர், மாற்றி மோட் ஒன்றைத் தொகுப்பில் சேர்த்துவிடலாம் என்கிறார். இன்னொருவர், கோப்புகளை உட்கார்ந்து மாற்றிவிடுவோம் என்கிறார். யார் சொல்வது சரி?

பெயர் மாறினால் மறையும் படம்

படம் காணாமல் போனதற்குக் காரணம் எளியது. 1.12 வரை கட்டைப் படங்கள் இருந்த கோப்புறையின் பெயர் பன்மையில் ‘பிளாக்ஸ்’, 1.13 முதல் ஒருமையில் ‘பிளாக்’. ‘ஸ்டோன்_கிரானைட்’ என்றிருந்த கோப்பு வெறும் ‘கிரானைட்’ ஆகிவிட்டது. புதிய விளையாட்டு தனக்குத் தெரிந்த பெயரில் தேடுகிறது. கிடைக்காவிட்டால் தன்னிடம் உள்ள இயல்புப் படத்தைப் போட்டுவிடுகிறது. தொகுப்பு பழைய பதிப்புக்கானது என்று தொடக்கத்தில் ஒரு பொது எச்சரிக்கை வரும். இன்ன படம் கிடைக்கவில்லை என்று விளையாடுபவரிடம் தனித்தனியாக எதுவும் சொல்வதில்லை. மாணவர்களின் படம் அழியவில்லை. அழைக்கும் பெயர் தெரியாமல் கோப்புறைக்குள் கிடக்கிறது.

அப்படியானால் 1.16 பதிப்பில் மட்டும் அது எப்படித் தெரிந்தது? அந்தப் பதிப்பின் உள்ளேயே ஒரு மாற்றி இருந்தது. 1.13 பெயர் மாற்றத்துக்கு முந்தைய 3 ஆம் வடிவத் தொகுப்புகளைக் கண்டால், பழைய பெயர்களைப் புதிய பெயர்களாக உடனுக்குடன் பொருத்திப் பார்க்கும் ஏற்பாட்டை விளையாட்டை உருவாக்கும் மொஜாங் நிறுவனமே வைத்திருந்தது. 4 ஆம் வடிவத்துக்கும் அப்படி ஒன்று இருந்தது. 2022 டிசம்பரில் வெளியான 1.19.3 பதிப்பில் இவ்விரண்டும் நீக்கப்பட்டன.

இங்குதான் இந்த விவாதத்தின் மையம் உள்ளது. உள்ளிருந்த மாற்றி தன் வேலையைக் குறைவின்றிச் செய்தது. அதனாலேயே பழைய தொகுப்பைத் திருத்த வேண்டும் என்ற எண்ணம் யாருக்கும் எழவில்லை. திருத்தத் தெரிந்தவர்கள் பள்ளியில் இருந்தபோது தேவை தெரியவில்லை; தேவை தெரிந்தபோது அவர்கள் இல்லை. வேலையை முடித்துத் தராமல், செய்ய வேண்டிய நாளைத் தள்ளிப்போட மட்டுமே அம்மாற்றி உதவியது.

இருவகை மாற்றிகள்

மாற்றிகள் அனைத்தையும் ஒரே வகையாக எண்ணுவது இவ்விவாதத்தில் காணப்படும் பொதுவான குழப்பம். அவை இருவகைப்படும்.

முதல்வகை, ஒருமுறை ஓடி முடிக்கும் கருவி. பழைய கோப்புறையைக் கொடுத்தால் புதிய கோப்புறையை எழுதித் தந்துவிட்டு ஒதுங்கிவிடும். 1.5 பதிப்பு வந்தபோது பெரிய படத்தைத் துண்டாக்க அன்ஸ்டிட்சர் என்ற கருவியும், 1.6 வந்தபோது டெக்ஸ்சர் எண்டர் என்ற கருவியும் வந்தன. 2023 செப்டம்பரில் வந்த 1.20.2 பதிப்பு பட்டியல், பொத்தான் போன்ற இடைமுகப் படங்களைப் பிரித்தபோது, அதற்கு ஸ்லைசர் என்ற கருவியை மொஜாங் வழங்கியது. இவை மூன்றும் விளையாட்டுக்கு வெளியே தனியாக இயங்குபவை.

இரண்டாம் வகை, தொகுப்பினுள் குடியிருக்கும் மாற்றி. விளையாட்டைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் பழைய வடிவத்தைப் படித்துப் புதியதாகக் காட்டும். வட்டில் எதையும் திருத்தி எழுதாது. ஆப்டிஃபைன் என்ற மோட் தன் வளத்தொகுப்புகளுக்கென்று தனி வடிவங்களை வைத்திருக்கிறது. ஃபேப்ரிக் என்ற தளத்தில் இயங்கும் ஃபேப்ரிக்ஸ்கைபாக்சஸ் என்ற மோட் வானத்தை வேறு வடிவத்தில் விவரிக்கிறது. ஆப்டிஃபைன் வடிவ வானத்தை இந்த மோட் புரிந்துகொள்ளுமாறு, ஏற்றும் நேரத்தில் மாற்றித் தர ‘இண்டராப்’ என்ற துணை மோட் உண்டு. இது இரண்டாம் வகைக்குத் தெளிவான எடுத்துக்காட்டு.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழி ஒன்றை லுவாண்டி உலகில் காணலாம். லுவாண்டி 2010 இல் பின்லாந்தைச் சேர்ந்த பெர்ட்டு அஹோலா தொடங்கிய கட்டற்ற மென்பொருள். 2024 வரை மைன்டெஸ்ட் என்ற பெயரில் வழங்கியது. அதில் இயங்கும் வாக்சலிப்ரே என்ற ஆட்டம், முன்பு மைன்குளோன் 2, மைன்கிராஃப்ட் வளத்தொகுப்புகளைத் தன் வடிவத்துக்கு மாற்றும் ஒரு பைத்தான் நிரலைத் தன் கருவிகள் கோப்புறையில் வைத்துள்ளது. கருவி தொகுப்போடு வருகிறது. ஆனால் விளையாட்டு நடக்கும்போது அது ஓடுவதில்லை. வேண்டுபவர் தனியே ஓட்டிக்கொள்ள வேண்டும். அதன் உயிர்நாடி நிரலைவிட அதனுடன் உள்ள பெயர் அட்டவணைதான். எந்தக் கோப்பு எந்தக் கோப்பாக வேண்டும், எவற்றைத் தொடக் கூடாது என்று வரி வரியாக எழுதப்பட்ட அந்தப் பட்டியலை நிரல் எழுதத் தெரியாத மாணவரும் திறந்து படிக்கலாம். பிழை இருந்தால் திருத்தலாம்.

தமிழ்க் குறியாக்கம் தரும் பாடம்

தமிழ்நாட்டு மாணவருக்கு இது புதிய சிக்கலாகத் தோன்றலாம். ஆனால் கணினித் தமிழ் இதே சிக்கலை ஏற்கெனவே கடந்து வந்துள்ளது. ஒருங்குறி பரவுவதற்கு முன் பாமினி, வானவில், டாப், டாம், தகுதரம் எனப்பட்ட திஸ்கி எனப் பல முறைகளில் தமிழ் எழுதப்பட்டது. ஒன்றில் எழுதியதை இன்னொன்றில் திறந்தால் பொருளற்ற குறிகளே தெரியும். அன்றும் இருவகை மாற்றிகள் தோன்றின.

மதுரைத் திட்டம் முதல் வழியைத் தேர்ந்தது. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய இத்தன்னார்வ முயற்சி, கு. கல்யாணசுந்தரம் தலைமையில் பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் வெளியிட்டது. திஸ்கியில் வெளியிட்ட நூல்களை ஒருங்குறிக்கு மாற்றிப் புதிய கோப்புகளாக வெளியிட்டது. பழைய வடிவையும் உடனே நீக்கிவிடாமல் அருகருகே வைத்திருந்தது. வாசகர் தம் கணினியில் மாற்றி எதையும் நிறுவ வேண்டியதில்லை. அந்த ஒருங்குறிக் கோப்புகள் இன்றும் எந்தக் கைபேசியிலும் திறக்கின்றன.

பத்மா என்ற பயர்பாக்ஸ் நீட்சி இரண்டாம் வழியைச் சார்ந்தது. தெலுங்கு, தமிழ் முதலிய மொழிகளின் இணைய இதழ்கள் தத்தம் எழுத்துருக்களில் வெளிவந்த காலத்தில், பக்கத்தைத் திறக்கும்போதே ஒருங்குறிக்கு மாற்றிக் காட்டியது அது. இதழ்கள் தாமே மாறாதிருந்த நாளில் அது பெரும் உதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் அது உலாவியின் பழைய நீட்சி முறையில் எழுதப்பட்டது. 2017 நவம்பரில் வந்த பயர்பாக்ஸ் 57 அம்முறையையே கைவிட்டது. உலாவி மாறியதும் பழைய முறை நீட்சிகள் ஒட்டுமொத்தமாக நின்றுபோயின.

மைன்கிராஃப்ட் 1.19.3 பதிப்பின் கதையும் பயர்பாக்ஸ் 57 பதிப்பின் கதையும் ஒன்றே. குடியிருக்கும் மாற்றியின் ஆயுள் வீட்டுக்காரர் கையில் உள்ளது. ஒருமுறை மாற்றி எழுதிய கோப்புக்கு அந்தக் கவலை குறைவு.

மாற்றி அறியாதவை

ஒருமுறைக் கருவியே மேல் என்று இதிலிருந்து உடனே முடிவு செய்துவிட முடியாது. எந்த வகை மாற்றியும் பெயரையும் வடிவத்தையும் அறியும், பொருளை அறியாது. இதற்கு இரண்டு சான்றுகள் போதும்.

முதலாவது, கடல் நீர். 1.12 வரை நீரின் படமே நீல நிறத்தில் இருந்தது. 1.13 முதல் நீரின் படம் சாம்பல் நிறம். அந்தந்த நிலப்பகுதிக்கு ஏற்ற நீலத்தை விளையாட்டு மேலே பூசுகிறது. மாணவர்கள் 2017 இல் வரைந்த நீல நீரை மாற்றி சரியான கோப்புறைக்குச் சரியான பெயரில் கொண்டுசேர்க்கும். அட்டவணைப்படி பிழையே இல்லை. ஆனால் நீலத்தின் மேல் நீலம் ஏறி, கடற்கரைக் கோயிலின் முன்னுள்ள கடல் கருநீலமாகிவிடும். 1.16 பதிப்பில் உள்ளிருந்த மாற்றியோடு பல ஆண்டுகள் விளையாடிய மாணவர், கடல் அப்படித்தான் வரையப்பட்டது என்று நம்பியிருப்பார்.

இரண்டாவது, விளக்கக் குறிப்பில் உள்ள ஒரு பெயர். ‘திரௌபதி ரதம்’ என்பதில் வரும் ஔகாரக் குறியின் பின்பகுதி, வடிவில் ளகரத்தை ஒத்தது. பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பலர் ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்த்தே அதை எழுதினர். அவ்வாறு எழுதிய உரையை மாற்றியில் இட்டால் ‘திரெளபதி’ என்று வரும். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. கணினிக்கு இவை இரு வேறு சொற்கள். ஒன்றைத் தேடினால் மற்றொன்று கிடைக்காது. கௌரி, மௌனம், சௌந்தரம் எனத் தமிழ் இணையத்தில் இன்றும் இந்தப் பிழை பரவலாக உள்ளது.

கடல் நீரில் கோப்பு சரி, கண் பிழையைக் காண்கிறது. திரௌபதியில் கண்ணுக்குச் சரி, கோப்பில் பிழை உள்ளது. ஆகவே மாற்றிய பின் இரண்டு சோதனைகள் தேவை. விளையாட்டைத் திறந்து நடந்து பார்ப்பது ஒன்று. கோப்புகளையும் சொற்களையும் தேடிப் பார்ப்பது மற்றொன்று. குடியிருக்கும் மாற்றியைச் சேர்க்கும்போது இவ்விரு சோதனைகளும் பெரும்பாலும் நடப்பதில்லை. மாற்றம் நடந்ததே தெரியாத இடத்தில் சோதனை எப்படி நடக்கும்?

இவற்றோடு, பழைய தொகுப்பில் இல்லாததை எந்த மாற்றியும் தர முடியாது. 2019 இல் வந்த 1.14 பதிப்பு, ஒரே வகையாக இருந்த பெயர்ப்பலகையை மரத்துக்கு ஒன்றாகப் பிரித்தது. பழைய ஒரே படத்தை எல்லா மரத்துக்கும் போடுவதா, ஒன்றுக்கு மட்டும் போடுவதா? 2021 இல் 1.17 பதிப்பு அறிமுகப்படுத்திய ஆழ்பாறைக்கு எந்தப் படத்தைப் போடுவது? இவை அட்டவணை விடை சொல்ல முடியாத கேள்விகள். யாராவது உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும்.

மாணவர்கள் கட்டிய ரதங்களே அத்தகைய முடிவுகளின் சான்று. ஏழாம் நூற்றாண்டில் பல்லவச் சிற்பிகள் மரத்தாலும் ஓலையாலும் கட்டப்பட்ட கட்டடங்களின் வடிவத்தை ஒற்றைப் பாறைகளில் செதுக்கினர். திரௌபதி ரதத்தின் கூரை ஓலைக் குடிசையின் கூரை வடிவம். பாறைக்கு ஓலை வேய வேண்டிய தேவையில்லை; இருந்தும் அந்த வளைவைக் காக்க வேண்டும் என்று ஒருவர் முடிவு செய்திருக்கிறார். பீம ரதத்துக்கு வண்டிக்கூடு போன்ற நீள்கூரை, நகுல சகாதேவ ரதத்துக்கு யானையின் பின்புற வடிவம் என ஒவ்வொன்றும் தனித்தனித் தேர்வு. ஒரு பொருளின் வடிவத்தை இன்னொன்றுக்கு மாற்றுவது இப்படித்தான் நன்றாக அமையும்: எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று அறிந்தவரின் கை அதில் பட வேண்டும்.

உரிமமும் பெயரும்

ஒருமுறைக் கருவியின் பெரிய குறை உரிமத்தில் உள்ளது. மாற்றி எழுதிய கோப்பு ஒரு புதிய படி. அதை மோட்பேக்கில் வைத்துப் பிறருக்குத் தருவது படியெடுத்து வழங்குவதாகும். இந்தியாவின் 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், 14 ஆம் பிரிவின்படி, கலைப்படைப்பைப் படியெடுக்கவும் தழுவவும் படிகளை வெளியிடவும் உள்ள உரிமையைப் படைப்பாளிக்கே தருகிறது. சொந்தப் பயன்பாட்டுக்கான நியாயமான கையாளலுக்கு 52 ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஒருவர் தம் கணினியில் மாற்றிப் பயன்படுத்துவதும், மாற்றியதைத் தொகுப்பில் சேர்த்து ஊருக்கெல்லாம் தருவதும் ஒன்றாகிவிடாது. இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதாலேயே ஒரு வளத்தொகுப்பு உரிமையற்ற பொருள் ஆகிவிடுவதும் இல்லை.

படைப்பாளி முன்கூட்டியே அனுமதி தந்திருந்தால் நிலைமை வேறு. வாக்சலிப்ரேயின் அடிப்படைப் படங்கள், எக்ஸ்எஸ்ஷீப் என்ற புனைபெயரில் ஒருவர் மைன்கிராஃப்டுக்காக வரைந்த பிக்சல் பெர்ஃபெக்‌ஷன் என்ற தொகுப்பிலிருந்து வந்தவை. அவர் அதைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், பெயர் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் பகிரும் நிபந்தனையோடு வெளியிட்டார். அதனாலேயே ஒரு விளையாட்டுக்காக வரைந்தவை முற்றிலும் வேறான இன்னொன்றில் வாழ்கின்றன.

இங்கு மாற்றியின் இன்னொரு குறையும் வெளிப்படுகிறது. பெயர் அட்டவணையை மட்டும் பின்பற்றும் நிரல், அட்டவணையில் இல்லாத உரிமக் கோப்பையும் ‘இதை வரைந்தவர்கள்’ என்ற குறிப்பையும் தானாகக் கொண்டுவராது. படம் வந்து சேரும். வரைந்தவர் பெயர் பழைய கோப்புறையிலேயே நின்றுவிடும். மதுரைத் திட்டம் இதை நன்கு அறிந்திருந்தது. நூலைத் தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்கள் அடங்கிய தலைப்புப் பக்கத்தை நீக்காமல் வைத்திருந்தால் கோப்பை எவரும் பகிரலாம் என்பதே அதன் நிபந்தனை. மாற்றும் எவரும் முதலில் கையால் எடுத்து வைக்க வேண்டிய கோப்பு பெயர்க்கோப்பே.

உள்ளே சேர்ப்பதற்கான நியாயம்

உரிமச் சிக்கலே குடியிருக்கும் மாற்றிக்கு வலுவான வாதத்தையும் தருகிறது. அது எதையும் படியெடுத்து வழங்குவதில்லை. விளையாடுபவர் தாமே பெற்ற தொகுப்பைத் தம் கணினியில் வைக்கிறார். மாற்றி அதைப் படித்துக் காட்டுகிறது. மூலக் கோப்பு தொடப்படவில்லை. படைப்பாளி நாளை ஒரு திருத்தம் வெளியிட்டால் அதுவும் அப்படியே வேலை செய்யும்.

ஃபேபுலஸ்லி ஆப்டிமைஸ்டு போன்ற பொது மோட்பேக்குகளை இந்த நோக்கில் பார்க்க வேண்டும். ஆப்டிஃபைன் தரும் வசதிகளைத் தனித்தனி மோட்களால் ஈடு செய்வது அதன் நோக்கம். அதைப் பயன்படுத்துவோர் எந்தெந்த வளத்தொகுப்போடு வருவார்கள் என்று தொகுப்பாளருக்குத் தெரியாது. ஒவ்வொன்றையும் முன்கூட்டி மாற்றி வைக்க அவரால் முடியாது. உரிமமும் அதற்கு இடம் தராது. அத்தகைய தொகுப்பில் மாற்றியை உள்ளே வைப்பது நியாயமானது. பத்மாவுக்கும் இதே நியாயம் இருந்தது: இதழ்களின் கோப்புகள் வாசகர் கையில் இல்லை.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மாற்றும் வேலை மீண்டும் நடக்கும். படங்கள் பெரியதானால் சுமையும் கூடும். 16 புள்ளிப் படம் ஒன்று நினைவகத்தில் 1 கிலோபைட் அளவே எடுக்கும். 128 புள்ளிப் படம் 64 கிலோபைட். 512 புள்ளிப் படம் 1 மெகாபைட். 512 புள்ளியில் 1,000 படங்கள் இருந்தால் அவை மட்டுமே ஏறத்தாழ 1 ஜிகாபைட். 4 ஜிகாபைட் நினைவகம் கொண்ட பள்ளி மடிக்கணினியில் இது பொருட்படுத்தத்தக்க அளவு. மாற்றி அளவைக் குறைத்துத் தருவதில்லை. உள்ள சுமையோடு தன் வேலையையும் சேர்க்கிறது. தொகுப்பில் ஒரு மோட் கூடினால், விளையாட்டு புதிய பதிப்புக்கு மாறும்போது காத்திருக்க வேண்டிய ஆசிரியர் ஒருவரும் கூடுகிறார்.

மதிப்பீடு

மோட்பேக் தொகுப்பாளர்கள் சிலர் மாற்றியைச் சேர்ப்பதை வசதிகளின் பட்டியலில் இன்னொரு வரியாகவே கருதுகின்றனர். இதுவரை கண்டவை அக்கருத்துக்கு எதிராக நிற்கின்றன. மாற்றியைச் சேர்ப்பது ஒரு பொறுப்பை ஏற்பது. ஏற்கும் முன் நான்கு கேள்விகளுக்கு விடை வேண்டும்.

முதலாவது: மாற்ற வேண்டிய தொகுப்புகள் தெரிந்தவையா, தெரியாதவையா? தெரிந்த ஒன்றிரண்டு என்றால் ஒருமுறை மாற்றி முடிப்பதே தக்கது. எவர் எதைக் கொண்டுவருவார் என்று தெரியாத பொதுத் தொகுப்புக்கே குடியிருக்கும் மாற்றி பொருந்தும்.

இரண்டாவது: மாற்ற முடியாதவற்றை மாற்றி வாய்விட்டுச் சொல்கிறதா? இன்ன படத்துக்கு இணை இல்லை, இன்ன கோப்பை விட்டுவிட்டேன் என்று பட்டியல் தராத மாற்றி, பிழையை மறைப்பதற்குத் துணைபோகிறது.

மூன்றாவது: அதை நீக்கினால் என்ன ஆகும்? நீக்கிய மறுநாள் தொகுப்பு முழுவதும் நிறம் மாறுமானால், அந்தத் தொகுப்பு மாற்றியின் மேல் கட்டப்பட்டுவிட்டது என்று பொருள். இன்னொரு 1.19.3 வரும் நாளில் அது சரியும்.

நான்காவது: வரைந்தவர் பெயரும் உரிமக் குறிப்பும் மாற்றத்துக்குப் பின்னும் உடன் இருக்கின்றனவா?

இந்த நான்கையும் கூடுவாஞ்சேரி மன்றத்துக்குப் பொருத்தினால் விடை தெளிவு. தொகுப்பு ஒன்றே, வரைந்தவர்கள் அதே பள்ளியின் மாணவர்கள், அவர்களிடம் அனுமதி கேட்பது கடினமல்ல. மாற்றி மோட் வேண்டியதில்லை. பழைய கோப்புறையைப் படியெடுத்து ஒரு பக்கம் பத்திரமாக வைக்க வேண்டும். வாக்சலிப்ரே வழியில் பழைய பெயர், புதிய பெயர் என்று ஓர் அட்டவணை எழுத வேண்டும். ஒருமுறைக் கருவியாலோ கையாலோ மாற்றிய பின், உலகினுள் நடந்து கடலின் நிறத்தைப் பார்க்க வேண்டும். நீரின் படத்தைச் சாம்பல் நிறத்தில் மீண்டும் வரைய வேண்டும். விளக்கக் குறிப்பில் ளகரத்தால் எழுதப்பட்ட திரௌபதியைத் தேடித் திருத்த வேண்டும். 2017 இல் வரைந்தவர்களின் பெயர்களுக்குக் கீழே, மாற்றியவர்களின் பெயர்களையும் ஆண்டையும் சேர்க்க வேண்டும். அந்த அட்டவணையைத் தொகுப்போடு வைத்துவிட்டால், அடுத்த முறை வடிவ எண் மாறும்போது வரும் மாணவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிராது.

இது சில மாலைப் பொழுதுகளின் வேலை. மாற்றி மோட் ஒன்றைச் சேர்ப்பதற்குச் சில நிமிடங்கள் போதும். அந்தச் சில நிமிட வழியை மட்டுமே நம்பியதால்தான், முந்தைய மாணவர்கள் நேரில் சென்று பார்த்து வரைந்த பாறை ஒருநாள் காணாமல் போனது.